அவசரம் இல்ல

தயாமணி ஆண்டவரிடம் பேசும்போதுகூட ஓரிடத்தில் நின்று பேசியவள் அல்ல. ஹைதராபாத்தில், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்வாசல் குழாயில் தண்ணீர் விடுகிற நேரத்தில், குடத்தை வைத்த கையோடு "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஆரம்பிப்பாள். குடம் நிறைவதற்குள் தன் வீடு, நாத்தனார் வீடு, திருமுல்கேரியில் இருக்கும் சித்தப்பா மகனின் முதுகுவலி, தென் மத்திய ரயில்வே நிர்வாகம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு அடுத்த குடத்துக்குப் போய்விடுவாள். அவள் ஜெபத்தில் 'ஆமென்' ஒருமுறை வந்தால் 'சீக்கிரம்' நாலுமுறை வரும்.

"மழ வாறதுக்குள்ள துணி காயணும் ஆண்டவரே. இந்த மனுசன் சாப்பிட வாறதுக்குள்ள சிலிண்டர்காரன் வந்துரணும்."

துணி காய்ந்தது. சிலிண்டர்காரனும் பெரும்பாலும் வந்தான். ஆண்டவர் தாமதிக்கிறவர் அல்ல, ஆனால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளாவிட்டால் தாமதித்துவிடக் கூடும் என்பது தயாமணியின் இறையியல்.

திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்தில் இருந்தவரை அவளுக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிற பெரிய மனிதர். கல்யாணமாகி இங்கே வந்த பிறகுதான் பழக்கம் அதிகமானது. மாப்பிள்ளை பாபு லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்து அங்கேயே வேர்விட்ட குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். பேசினார்கள்தான். ஆனால் ஒரு வாக்கியம் தமிழில் கிளம்பி, தெலுங்கில் வண்டி மாறி, வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று தக்கனி உருதுவில் போய் இறங்கியது. தெருவில் தெலுங்கு, கடையில் ஹிந்தி, மாமியாரிடம் இரண்டும். புது மருமகளுக்குப் பகல் முழுக்க நல்ல திருநெல்வேலித் தமிழில் பேசக் கிடைத்த ஒரே ஆள் ஆண்டவர்தான். குறுக்கே பேசமாட்டார், 'இன்னா சொல்றே, புரியல' என்று சிரிக்கவும் மாட்டார். அப்படி ஆரம்பித்த பேச்சு இன்றுவரை நிற்கவில்லை. மாமியார் காலமாகி, தயாமணி மூன்று மொழியிலும் சண்டை போடத் தேறிய பிறகும்.

மகள் பிளெஸ்ஸி இண்டர் இரண்டாம் வருடம், நம்மூர் பிளஸ் டூ. தமிழ் புரியும், பதில்தான் எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது. இட்லி வேணுமா என்று கேட்டால், வேண்டும் என்பது தெலுங்கில் வரும், வேண்டாம் என்பது ஹிந்தியில் வரும், ஏன் வேண்டாம் என்பது இங்கிலீஷில் வரும். தமிழில் அவள் முழுதாகச் சொல்வது அபூர்வம். அதனால்தான் மே மாதக் கடைசியில் ஒருநாள் அவள் முழுதாகத் தமிழில் சொன்ன ஒரு பதில் தயாமணியின் நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி, பாபு வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். தயாமணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஏட்டி, வார மாசக் கடைசியில பேராயர் வாறாராம். திடப்படுத்தலுக்கு உன் பேரக் குடுத்துரட்டா?"

பிளெஸ்ஸி போனிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்.

"அவசரம் இல்ல மம்மி."

தயாமணி உருகிப் போனாள். என்ன அடக்கம்! அவள் காலத்தில் நாசரேத்தில் வெள்ளைத் துணி தைக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பெயர் கொடுத்த பிள்ளைகள் உண்டு. அதில் அவளும் ஒருத்தி. இவள் என்னடாவென்றால், எனக்கு அவசரம் ஒன்றுமில்லை, நிதானமாகப் பார்க்கலாம் என்கிறாள். இப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று, மறுநாளே பேரைக் கொடுத்துவிட்டாள்.

அன்று பாபு ஒரு காலில் சாக்ஸைப் பாதி உருவிய நிலையில் மகளைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். இருமினான். பிறகு மீதி சாக்ஸை உருவினான்.

திடப்படுத்தல் என்பது சின்ன விஷயமல்ல. கைக்குழந்தையாக ஞானஸ்நானம் கொடுக்கும்போது பிள்ளைக்காகப் பெற்றவர்கள் சொன்ன வாக்கை, வளர்ந்தபின் அந்தப் பிள்ளையே பேராயர் முன்னால் முழங்கால்படியிட்டுத் தன் வாயால் சொல்வது. அதன் பிறகுதான் நற்கருணை எடுக்க முடியும். பேராயரோ இந்தப் பக்கம் நினைத்தபோது வருகிறவர் அல்ல. தயாமணி ஓட ஆரம்பித்தாள். வெள்ளைச் சுடிதாருக்குத் துணி எடுத்து, தைக்கக் கொடுத்து, தோள் சரியில்லை என்று பிரித்து, மறுபடி தைக்கக் கொடுத்தாள். சனிக்கிழமை வகுப்புக்குப் பிளெஸ்ஸியைக் கூட்டிப் போய் உட்காரவைத்தாள். பிளெஸ்ஸி உட்கார்ந்தாள். ஹைதராபாத்தில் இண்டர் படிக்கிற பிள்ளைகளுக்கு எந்த வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தாலும், ஏன் என்று கேட்காமல் உட்காருகிற பழக்கம் உண்டு. விசுவாசப் பிரமாணத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தாள்.

"என் புள்ளைக்கு ஆண்டவரே உள்ள இருந்து சொல்லிக் குடுக்காரு" என்று தயாமணி பெண்கள் ஐக்கியத்தில் சொன்னாள். ஐக்கியத்தின் தலைவி ரோஸ்லின் அக்கா, தன் மருமகனுக்கு அவர் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்ததை நினைவுபடுத்தினாள்.

பேராயர் வருகிற ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய்ப் பேசுகிற வழக்கப்படி ஐயர் வந்தார். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் சபை குருவை ஐயர் என்பார்கள். இவருடைய பெயர் சந்திரமோகன். சந்திரமோகன் ஐயர் என்று தயாமணி போனில் யாரிடமோ சொன்னதைக் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டு சபீனா, "உங்க வீட்டுல என்ன பூஜை?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஐயர் ரெயின்கோட்டைக் கழற்றி ஸ்கூட்டர் மேல் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். தயாமணி டீயும் முறுக்கும் வைத்தாள், ஃபேனைக் கூட்டினாள், குறைத்தாள், திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

"நீங்க உக்காருங்கம்மா" என்றார் ஐயர்.

"உக்காந்துதான்யா இருக்கேன்" என்றாள் தயாமணி, நின்றுகொண்டு.

ஐயர் பத்துக் கற்பனைகளை, கடவுளின் பத்துக் கட்டளைகளை, கேட்டார். பிளெஸ்ஸி சொன்னாள். விசுவாசப் பிரமாணம் கேட்டார். 'ழ' வருகிற இடத்திலெல்லாம் 'ல' வந்தது தவிர, ஒரு சொல் தவறவில்லை. தயாமணி மகளின் வாயோடு சேர்ந்து தன் வாயையும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லது. கடைசியா ஒண்ணும்மா. இது எல்லார்ட்டயும் கேக்கறதுதான். இது உன் சொந்த விருப்பம்தானே? வீட்ல யாரும் கட்டாயப்படுத்தலல்ல?"

இது தலையை ஆட்டிவிட்டு முறுக்கு எடுக்க வேண்டிய இடம். இதுவரை எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. பிளெஸ்ஸி தலையை ஆட்டவில்லை.

"ஐயா, நான் மம்மிகிட்ட அப்பவே சொன்னேன். அவசரம் இல்லன்னு."

"சொன்னாய்யா, சொன்னா," என்று தயாமணி பெருமையாக உள்ளே புகுந்தாள். "அவளுக்கு அவசரமே கெடையாது. நாந்தான், பேராயர் இனி எப்ப வருவாரோன்னு..."

ஐயர் டீ கப்பைச் சாசரில் வைத்தார். தமிழ்ச் சபைக்கு வருவதற்கு முன்னால் அவர் வாரங்கல் பக்கம் தெலுங்குச் சபைகளில் பல வருடம் இருந்தவர்.

"அவசரம் இல்லன்னா..." என்று மெதுவாகக் கேட்டார், "தமிழ்லயாம்மா, தெலுங்குலயா?"

பிளெஸ்ஸி அப்பாவைப் பார்த்தாள். பாபு ஃபேனைப் பார்த்தான்.

"தெலுங்குல" என்றாள் பிளெஸ்ஸி.

தமிழில் அவசரம் இல்லை என்றால், மெதுவாகப் பார்க்கலாம். தெலுங்கில் அவசரம் இல்லை என்றால், தேவை இல்லை. சொல் ஒன்று, உச்சரிப்பு ஒன்று. ஒன்றில் கதவு ஒருக்களித்திருக்கிறது, இன்னொன்றில் சாத்தியிருக்கிறது. தயாமணிக்கு இது தெரியாததல்ல. வாசலில் வருகிற காய்கறி வண்டிக்காரனிடம் தினமும் "கொத்திமீர அவசரம் லேது" என்று சொல்லி அனுப்புகிறவள்தான். கொத்தமல்லி விஷயத்தில் தெரிந்தது மகள் விஷயத்தில் தெரியவில்லை.

ஐயர் அவசரப்படவில்லை, இரண்டு மொழியிலும். முறுக்கை முழுதாகத் தின்று முடித்தார்.

"உண்மையச் சொன்னியே, நல்லது. பேரு இருக்கட்டும். நிக்கிறதும் நிக்காததும் நீயே முடிவு பண்ணி நாளைக்குச் சொல்லு. நீ சொல்லணும், அம்மா இல்ல." ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு தயாமணியிடம் திரும்பினார். "நீங்க கொஞ்சம் உக்காருங்கம்மா."

அவர் ஸ்கூட்டர் தெரு திரும்புகிறவரை வாசலில் நின்ற தயாமணி, உள்ளே வந்து துடைத்த தரையை மறுபடி துடைத்தாள். பிளெஸ்ஸி சத்தமில்லாமல் உள்ளறைக்குப் போய்விட்டாள். பாபுவுக்கு எழுந்து போகக் காரணம் கிடைக்கவில்லை. தரை துடைக்கிற துணி அவன் காலடிக்கு வந்து நின்றது.

"காலத் தூக்குங்க."

தூக்கினான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"இன்னாது?"

"அவ எந்த பாஷைல சொன்னான்னு. அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

பாபு காலைத் தூக்கியபடியே கொஞ்சம் யோசித்தான்.

"ஹவ்" என்றான், ஆமாம் என்பதற்கு.

"ஹவ்வாம் ஹவ்வு! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்திய? ஒரு வார்த்த சொல்லப்படாதா? ஊரெல்லாம் சொல்லிட்டு வந்து நிக்கேன். ரோஸ்லின் அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"இல்ல தயா. அன்னிக்கி நீ பாத்திரம் கழுவிக்கினே பாட்டு பாடினே. கல்யாணம் ஆயி இத்தினி வருசத்துல நீ முழுசா ஒரு பாட்டு பாடி நான் கேட்டதே இல்ல. ரெண்டு வரி பாடுவே, அதுக்குள்ள பால் பொங்கிடும், ஓடுவே. அன்னிக்கி மூணு சரணமும் பாடினே. கைக்கு, ஏன் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

தயாமணி துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். அவன் சொன்னது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது.

"ஒர்க்‌ஷாப்லயும் இப்படித்தான் விடுவியளோ? பிரேக் புடிக்கலன்னு தெரியுது, ஆனா பெட்டில இருக்கவன் பாட்டுப் பாடுதான், போட்டும்னு?"

"பிரேக் மேட்டர்ல அப்டி வுட மாட்டோம்" என்றான் பாபு, உண்மையிலேயே மனம் புண்பட்டு.

மறுநாள் சனிக்கிழமை. பேராயரின் டீ வேளைக்கு முந்திரிக்கொத்து கொண்டுவருகிறேன் என்று தயாமணி ஏற்றிருந்தாள். திடப்படுத்தல் உண்டோ இல்லையோ, ஏற்ற பலகாரம் போயாக வேண்டும். முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது. பாசிப்பயறை வறுத்துத் திரித்து, தேங்காயும் எள்ளும் வறுத்துப் போட்டு, கருப்பட்டிப் பாகில் கிளறி, கை பொசுங்குகிற சூட்டிலேயே உருட்ட வேண்டும். ஆறினால் உதிர்ந்துவிடும். அப்புறம் மஞ்சள் கலந்த அரிசிமாவில் முக்கி எண்ணெயில் போட வேண்டும். அவசரக்காரர்களுக்கென்றே கண்டுபிடித்த பலகாரம் அது. கருப்பட்டி நாசரேத்திலிருந்து அக்கா அனுப்பியது.

உருட்ட சபீனா வந்தாள். அவள் புருஷன் சலீமும் பாபுவும் ஒரே ஷெட். தயாமணியும் சபீனாவும் பேசிக்கொள்கிற மொழிக்குப் பெயர் கிடையாது; ஹிந்தியும் தெலுங்கும் தயாமணியின் கையசைப்பும் சேர்ந்தது. சபீனா இந்தப் பலகாரத்தை 'பீலா லட்டு', மஞ்சள் லட்டு, என்பாள்.

"கைக்கு இத்தனா சுப் பைட்டி?" என்றாள் சபீனா. நீ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லையே, உடம்பு சரியில்லையா என்றாள்.

தயாமணி சொன்னாள். சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. சபீனாவுக்குத் தெலுங்கும் தெரியும், ஆகவே 'அவசரம்' வந்ததுமே "அல்லா!" என்று உருண்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு தயாமணியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

"என் பெரியவன் இல்ல?" என்றாள் அவர்கள் மொழியில். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனியாடான்னு கேப்பேன். போனேன் அம்மீ என்பான். அவன் தொப்பிய மடிச்சு அலமாரில வைக்கிறது நான். நான் மடிச்ச மடிப்பு அப்படியே இருக்கு. ரம்ஜானுக்கு மடிச்சது."

"நீ கேக்கலையா?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவான். அதுக்கு ஒரு பாவம் சேரும். நக்கோ." உருண்டையை உள்ளங்கையில் அழுத்தி உருட்டினாள். "உன் பொண்ணு முகத்துக்கு நேரா சொல்லிருக்கா. எனக்கு அதைக் கேக்கப் பொறாமையா இருக்கு. பாகு ஆறுது, உருட்டு."

அவள் வீட்டில் குக்கர் விசில் அடிக்க, எழுந்து ஓடினாள். அந்த இடத்தில் பிளெஸ்ஸி வந்து உட்கார்ந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு பிடி எடுத்தாள், "ஸ்ஸ்" என்று கையை உதறினாள், மறுபடி எடுத்தாள். அம்மாவும் மகளும் உருட்டினார்கள்.

"மம்மி, நான் நிக்கறேன்."

தயாமணியின் கை நின்றது.

"ட்ரெஸ் குட்டிஞ்சேசாவ் கதா, தெச்சாச்சு. எல்லார்க்கும் சொல்லிட்டே. டூ மினிட்ஸ் மேட்டர். முழங்கால் போட்டு, ஆம்னு சொல்லிட்டு வந்துர்றேன். எனக்கு ஏமி ப்ராப்ளம் லேது."

தயாமணி ராத்திரி முழுக்க ஆண்டவரிடம் கேட்டது இதைத்தான். நேற்று ஐயர் போன நிமிடத்திலிருந்து வாசலிலும் அடுப்படியிலும் குழாயடியிலும் கேட்டுக்கொண்டே இருந்தாள்: ஞாயிற்றுக்கிழமைக்குள், ஆண்டவரே, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிந்தால் நல்லது. இதோ சனிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டது. எந்த ஜெபத்துக்கும் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை. 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். வெள்ளைச் சுடிதார் இஸ்திரி போட்டுத் தொங்குகிறது. ரோஸ்லின் அக்கா முதல் வரிசையில் இருப்பாள்.

அவள் 'சரி' சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அங்க முழங்கால் போட்டு, 'ஆம்'னு யாரு சொல்லுவா?" என்று வந்தது.

"நேனே."

"நெசமாவா?"

பிளெஸ்ஸி உருண்டையின் விரிசலை விரலால் மூடினாள். "நீ நம்பறே கதா. உன் சார்பா சொல்றேன்னு வெச்சிக்கோ."

"நீ கைப்புள்ளையா இருக்கையில உன் சார்பா நான் சொன்னேன். இப்ப என் சார்பா நீ சொல்லுதேங்க. பின்ன இதுல யாருட்டி திடப்படுதா?"

பிளெஸ்ஸி சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் கண்ணுக்கு ஏறியது.

"நான் ட்ரை பண்ணேன் மம்மி. ஒட்டு, ப்ராமிஸ். எக்ஸாம்க்கு முன்னாடி பண்ணேன், அப்பாக்கு கை அடிபட்டப்ப பண்ணேன். நீ பேசறப்ப எதிர்ல எவரோ நின்னுட்டு இருக்க மாதிரி பேசறே. சண்ட போடறே அவர்கூட. நான் பேசினா ரிங் போயிட்டே இருக்கு. எவரூ எத்தரு. எடுக்கவே மாட்டேங்கறாங்க. எடுத்தாங்கன்னு நான் எப்டி அத்தன பேர் முன்னாடி சொல்றது?"

எண்ணெய் காய்ந்து புகை வந்தது. தயாமணி எழுந்து அடுப்பைக் குறைத்துவிட்டு, வந்து தரையில் உட்கார்ந்தாள். சம்மணமிட்டு, நன்றாக உட்கார்ந்தாள்.

"எனக்கு எடுத்தாருன்னு உனக்கு யாரு சொன்னா?"

பிளெஸ்ஸி நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இங்க வந்த புதுசுல வேற ஆளு இல்ல பேச. இந்தக் குழாயடியிலதான் நின்னு பேசுவேன். சாம்பாருல உப்பு கூடிப்போச்சு, ஒங்க ஆச்சி ஏசிட்டா, ஊருக்குப் போணும்போல இருக்குன்னு. ஒரு பதிலும் வராது. தண்ணி விழுத சத்தந்தான். ஆனா ஒருநா பேசாம இருந்து பாத்தேன், மூச்சு முட்டிச்சு. திரும்பப் பேசினேன். அவரு எடுத்தாரா எடுக்கலையான்னு இன்னைக்கும் எனக்குச் சத்தியம் பண்ணிச் சொல்லத் தெரியாது." முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். "நான் போனை வைக்கல. அவ்வளவுதான்."

இதை அவள் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. பெண்கள் ஐக்கியத்தில் சாட்சி சொல்லச் சொன்னபோதுகூட வேறு என்னவோ சொல்லியிருக்கிறாள். சொன்ன பிறகு பயமாக இருந்தது. இத்தனை வருட விசுவாசம் இதுதானா என்று திக்கென்றது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அது விழுந்துவிடவில்லை. இருந்த இடத்தில் இருந்தது.

"நிக்காண்டாம்" என்றாள்.

"நிஜங்கா?"

"வேண்டாம்னா வேண்டாந்தான். அவருகிட்டப் போயி பொய் சொல்லிக்கிட்டு. ஐயருக்கு நீயே போன் போட்டுச் சொல்லு. ஆனா கோயிலுக்கு வா. முழங்கால் போடாண்டாம், சும்மா வந்து இரு."

"வஸ்தா." பிளெஸ்ஸி மூக்கை உறிஞ்சினாள். "பிரியாணி உந்தா?"

"செருப்பு உண்டு. உருட்டுட்டி, ஆறிப் போச்சு பாரு எல்லாம்."

உண்மையிலேயே ஆறிப் போயிருந்தது. மிச்ச மாவில் பாதி உதிர்ந்துவிட்டது. அதை அன்று சாயங்காலம் பாபு ஸ்பூன் போட்டுத் தின்றான். இதுதான் நன்றாக இருக்கிறது, இனி உருட்ட வேண்டாம் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை குழாயில் தண்ணீர் வந்தபோது தயாமணி குடத்தை வைத்துவிட்டு வழக்கம்போல "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள். அப்புறம் ஒன்றும் வரவில்லை. இன்னதற்குள் இன்னது என்று சொல்ல எதுவும் இல்லை. மகளை ஒப்படைக்கலாம் என்றால், எந்த நாளுக்குள் என்று போடுவது? சும்மா நின்றாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குடம் நிறைந்து வழிந்து, வாய்க்காலில் ஓடி, சபீனா வீட்டுத் துளசி வளர்ந்த டால்டா டின் வரைக்கும் போனது. "அரே தயா! பானி! பானி!" என்று சபீனா ஜன்னலில் நின்று கத்திய பிறகுதான் குழாயை மூடினாள்.

கோயிலில் வெள்ளை உடுத்திய பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். பிளெஸ்ஸி பச்சைக் குர்தாவில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்தாள். வெள்ளைச் சுடிதாரைக் காலேஜ் ஃபேர்வெல்லுக்குப் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். பேராயர் ஒவ்வொரு தலையாகக் கை வைத்தபோது தயாமணிக்கு உடம்பெல்லாம் ஒரே பரபரப்பு. பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள், மூடினாள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். எழுந்து போய் 'ஒருத்தி விட்டுப்போச்சு, பேராயரே' என்று சொல்லிவிடுவாளோ என்று அவளுக்கே அவள் மேல் நம்பிக்கை இல்லை. பிளெஸ்ஸி அவள் மடியிலிருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நற்கருணைக்கு வரிசை வரிசையாக எழுந்தார்கள். பாபு போனான். தயாமணி போனாள். முழங்காலிட்டு, அப்பத்தை வாங்கி, திராட்சரசத்தைப் பருகி, திரும்பி நடக்கும்போது பார்த்தாள்: காலியான நீள பெஞ்சில் பிளெஸ்ஸி தனியாக, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள்போல் உட்கார்ந்திருந்தாள். அம்மா வருவதைப் பார்த்து முட்டியை ஒதுக்கி வழி விட்டாள். தயாமணி உட்கார்ந்தாள். இந்த முறை எழுந்திருக்கத் தோன்றவில்லை.

ஆராதனை முடிந்து மரத்தடியில் டீ. முந்திரிக்கொத்துப் பாத்திரத்தைத் தயாமணி பிடித்துக்கொள்ள, பிளெஸ்ஸி ஒவ்வொருவர் தட்டிலும் வைத்துக்கொண்டே வந்தாள். பேராயர் ஒன்று எடுத்து, கடித்து, திடுக்கிட்டு, பிறகு பின்பல்லுக்கு மாற்றிக்கொண்டார். ரோஸ்லின் அக்கா தட்டை நீட்டவில்லை. ஆராதனை தொடங்கியதிலிருந்து அவள் கேட்கக் காத்திருந்தது வேறு.

"ஏன் தயாமணி, பிளெஸ்ஸி நிக்கலையாக்கும்? வெள்ளத் துணியெல்லாம் தச்சேன்னு சொன்ன? என்ன விசயம்?"

சுற்றியிருந்த நாலைந்து டீ கப்புகள் வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றன. கொஞ்சம் தள்ளி நின்ற ஐயர்கூடத் திரும்பினார். பிளெஸ்ஸியின் கை பாத்திரத்துக்குள்ளேயே இருந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். பரீட்சை என்று சொல்லலாம். ரோஸ்லின் அக்காவுக்குச் சொல்ல எத்தனையோ பொய் உண்டு, எல்லாமே கோயிலுக்கு வெளியே சொல்லக்கூடியவை.

தயாமணி பாத்திரத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"அவசரம் இல்லன்னு சொல்லிட்டா அக்கா."

"அதுஞ் சரிதான்" என்றாள் ரோஸ்லின் அக்கா, கொஞ்சம் ஏமாந்துபோய். "படிக்கிற புள்ள. அடுத்த தடவ பாத்துக்கிடலாம். இப்ப என்ன அவசரம்?" இரண்டு முந்திரிக்கொத்து எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். கப்புகள் வாய்க்குப் போயின. ஐயருக்கு டீ புரையேறி, யாரோ தலையில் தட்டினார்கள்.

பிளெஸ்ஸி அம்மாவின் தோளோடு ஒட்டி நின்று குனிந்தாள். சிரிப்பை அடக்கியதில் குரல் உடைந்திருந்தது.

"மம்மி. ஏ பாஷலோ? தமிழா தெலுகா?"

தயாமணி அடுத்த வரிசையைப் பார்த்து நடந்துகொண்டே சொன்னாள்.

"உனக்குத் தெலுங்கு. எனக்குத் தமிழ்."